‘வெஜ்’னு நெனச்சு குடிச்ச சூப்பு: ஜப்பான்ல நாங்க பண்ண தப்புங்க

ஏப்ரல் கடைசில கிளம்பி 12 நாள் ஜப்பான் போயிட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், 2 பசங்க, அப்புறம் என் மாமியார். அத்தை சுத்த சைவம், முட்டை போட்ட கேக் கூட தொட மாட்டாங்க. மத்த 4 பேரும் எது தட்டுல விழுந்தாலும் சாப்பிடுற ஆளுங்க. வீடியோ எல்லாம் பாத்து நோட்ஸ் எடுத்து ரொம்ப ரெடியாத்தான் போனோம், அப்படியும் 3வது நாளே கியோட்டோல மாட்டிக்கிட்டோம்.

ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சின்ன உடோன் (தடிமனான கோதுமை நூடுல்ஸ்) கடை. மெனுல படம் போட்டிருந்துச்சு, கீரை, கேரட், காளான் மட்டும்தான், ‘நோ மீட்?’னு கேட்டேன், அந்தப் பொண்ணு ரொம்ப சந்தோஷமா ‘நோ மீட்’னு தலையாட்டுச்சு. கிண்ணம் வந்துச்சு, அத்தை நூடுல்ஸ விட சூப்பத்தான் ரசிச்சு குடிச்சாங்க, ‘உப்பும் தெரியல காரமும் இல்ல, ஆனா என்னமோ ஒரு ருசி இருக்கும்மா’ன்னாங்க. நான் என் கிண்ணத்த மூக்கு கிட்ட கொண்டு போனேன், பக்குனு ஆயிடுச்சு. எங்க ஊரு தூத்துக்குடி. அது மாசிக் கருவாட்டு வாசம். அம்மா வீட்டு அம்மில மாசிய தட்டும்போது வருமே, அதே வாசம், கொஞ்சம் புகை சேந்து.

அந்தக் கடைக்காரப் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் தப்பா கேட்டேன். ஜப்பான் சமையல்ல பாதிக்கு மேல அடிப்படையே டாஷிங்கிற தண்ணிதான். கொம்புனு ஒரு கடல்பாசியையும் கத்ஸுவோபுஷினு காஞ்ச மீன் சீவலையும் போட்டு எடுக்கிற சாறு. அந்த மீனு நம்ம சூரை இனம், வேகவச்சு, புகைபோட்டு, கட்டை மாதிரி காயவச்சு அப்புறம் தச்சன் இழைப்புளில இழைக்கிற மாதிரி இழைப்பாங்க. நம்ம மாசியும் அதே ஜாதி மீன அவிச்சு காயவைக்கிறதுதான், லட்சத்தீவுலயும் மாலத்தீவுலயும் இப்பவும் செய்றாங்க. அவங்களுக்கு டாஷி ‘மீனு’ கணக்குலயே வராது, நமக்கு பெருங்காயம் எப்படியோ அப்படி. சாம்பார்ல என்ன இருக்குன்னு கேட்டா பருப்பு காய்கறின்னு சொல்வோம், பெருங்காயத்த யாரு சொல்றா?

அதனால ‘வெஜிடேரியன்’, ‘நோ மீட்’ ரெண்டும் அங்க பத்தாது. மிசோ (சோயா விழுது) சூப், சோபா நூடுல்ஸ், உடோன், முட்டை ரோல், இனாரி சூஷிய சுத்தியிருக்கிற பொரிச்ச டோஃபு, காய்கறி டெம்புரா (நம்ம பஜ்ஜி மாதிரி) கூட வர்ற சாஸ், எல்லாத்துலயும் டாஷி இருக்க வாய்ப்பு அதிகம். ஒகோனோமியாகி முட்டைகோஸ் தோசை மாதிரிதான் இருக்கும், ஆனா மாவுலயே டாஷி, மேல வேற மீன் சீவல தூவுவாங்க. ஒசாகாவுல அது சூட்டு ஆவில நெளிஞ்சு ஆடுறத பாத்து என் 7 வயசுப் பையன் ‘அம்மா உயிரோட இருக்கு’ன்னு சேர விட்டு எறங்கிட்டான், அது தனிக்கதை. ராமென் நூடுல்ஸ் பத்தி சொல்லவே வேணாம், சூப்பே பன்னி எலும்பு இல்லனா கோழிதான் பெரும்பாலும். ‘கர்ரி’ (curry)ன்னு போட்டிருக்கே, நம்ம சாப்பாடுதானேன்னு போறவங்களுக்கும் ஒரு வார்த்தை, அந்தக் குழம்புக்கட்டி நெறயதுல மாட்டுக்கொழுப்போ பன்னிக்கொழுப்போ இருக்கும், காய்கறி மட்டும் மெதந்தா போதாது.

பாக்கெட் பின்னாடி அலர்ஜி லிஸ்ட் இருக்கும், அத பாத்தா போதும்னு ஒருத்தர் சொன்னத நம்பி இன்னொரு தடவ ஏமாந்தோம். அங்க சட்டப்படி கண்டிப்பா போட வேண்டியது இறால், நண்டு, கோதுமை, சோபா நூடுல்ஸ் செய்யுற பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை, வால்நட் மாதிரி ஒரு சில ஐட்டம்தான். டாஷிக்கு போடுற மீனு அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால அலர்ஜி கட்டத்துல ஒண்ணுமே இல்லாம உள்ள மீன் சாறு இருக்கலாம். போன் கேமராவ பிடிச்சு முழு பொருள் பட்டியலையும் மொழிபெயர்த்து பாக்குறதுதான் வழி.

நாங்க லேட்டா கண்டுபிடிச்ச மருந்து ஒரு அட்டை. ஹோட்டல் ரிசப்ஷன்ல கெஞ்சி, ‘கறி, மீன், முட்டை வேணாம், மீன் டாஷி, எலும்பு சூப், ஜெலட்டின் இதுவும் வேணாம், கொம்பு டாஷி, காளான் டாஷி ஓகே’ன்னு ஜப்பான் எழுத்துல எழுதி வாங்கிக்கிட்டோம். இத ஊர்லயே பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. கடைசி வரி முக்கியம், எது வேணாம்னு மட்டும் சொன்னா அவங்க பயந்துடுவாங்க, எது ஓகேன்னு சொன்னா யோசிச்சு ஏதாவது செஞ்சு தருவாங்க. அவசரத்துக்கு வெள்ளரிக்கா சூஷி ரோல் நெறய எடத்துல கெடைக்கும். டோக்கியோ ஸ்டேஷன் உள்ளயே டீஸ் டான்டான்னு முழுக்க சைவ ராமென் கடை ஒண்ணு இருக்கு, அத்தை அங்க ரெண்டு தடவ சாப்ட்டாங்க. டோக்கியோலயே நிஷிகசாய் பக்கம் நம்மாளுங்க நெறய இருக்காங்க, அங்க போனா இட்லி தோசை கவலையே இல்ல, ஆனா அதுக்கு ஜப்பானுக்கு ஏன் போகணும்னு எங்க வீட்டுக்காரர் மொறச்சார்.

(உடோன் விஷயத்த அத்தைகிட்ட சொன்னனான்னு கேப்பீங்க. ரூமுக்கு வந்து சொன்னேன். ஒண்ணும் பேசல, குளிச்சாங்க, விபூதி பூசிக்கிட்டாங்க, அடுத்த 2 நாள் வாழப்பழம் தயிர்தான்.)

இதுல எனக்கு புரிஞ்சது என்னன்னா, அங்க நீங்க தப்பு பண்ணா யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல செருப்போட உள்ள போனா பத்து பேர் கத்துவாங்க, அங்க சும்மா பாப்பாங்க, இல்லனா பாக்காத மாதிரி இருப்பாங்க. ‘முடியாது’ன்னு கூட நேரா வராது. பல்லுக்கு நடுவுல ஸ்ஸ்னு காத்த இழுத்து, தலைய சாச்சு ‘ச்சொட்டோ…’ன்னு இழுப்பாங்க. அதுக்கு அர்த்தம் ‘கொஞ்சம்’தான், ஆனா அந்த இழுவைல வந்தா முடியாதுன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரர் ‘கொஞ்சம் வெயிட் பண்ணா கெடைக்கும்போல’ன்னு ஒரு கடை வாசல்ல 15 நிமிஷம் நின்னாரு. அந்த ஸ்ஸ் சத்தம் கேட்டா தேங்க்ஸ் சொல்லிட்டு நகந்துருங்க.

அதே மாதிரி ஊறுகாய். நாங்க பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் எல்லாம் ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு ஹோட்டல் ஹோட்டலா தொறந்தோம். வெளிச் சாப்பாட்ட உள்ள கொண்டு வரக்கூடாதுங்கிறது அங்க நெறய கடைல ரூல், கதவுலயே எழுதியிருக்கு, ஜப்பான் எழுத்து நமக்கெங்க தெரியுது. ஊறுகாய் வாசம் அந்த 8 சீட்டு கடை முழுக்க பரவி பக்கத்துல இருந்த பெரியவர் மெதுவா தன் கிண்ணத்த அந்தப் பக்கம் நகத்துனப்பதான் உறைச்சுது. ரூம்ல வச்சு சாப்டுங்க. 5 பேருக்கு 2 ப்ளேட் சொல்லி பங்கு போடுறதும் சின்னக் கடைல ஆகாது, ஆளுக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணணும்னு எதிர்பாப்பாங்க. டிப்ஸ் வைக்காதீங்க, மேஜைல வச்ச காச எடுத்துக்கிட்டு தெரு வரைக்கும் ஓடி வந்து கொடுப்பாங்க.

சாப்பாட்டு குச்சி விஷயத்துல 2 தான் நெஜமா முக்கியம். சோத்துல குச்சிய நட்டு வைக்காதீங்க, அது செத்தவங்களுக்கு படைக்கிற முறை. ஒரு குச்சில இருந்து இன்னொரு குச்சிக்கு சாப்பாட்ட மாத்தாதீங்க, தகனம் முடிஞ்சப்புறம் குடும்பத்துக்காரங்க எலும்ப அப்படித்தான் எடுத்து கலசத்துல போடுவாங்க. பையன் அக்காவுக்கு டோஃபு துண்ட குச்சிலயே நீட்ட, அவ குச்சிலயே வாங்க, எதிர்ல உக்காந்திருந்த பாட்டி முகம் மாறுனத பாத்தேன். நமக்கும் காடாத்து எலும்பு பொறுக்கறது உண்டுல்ல, சொன்னவுடனே அத்தைக்கு டக்குனு புரிஞ்சுது, பசங்க கைல தட்டுனதும் அவங்கதான். உறிஞ்சி சத்தம் போட்டு நூடுல்ஸ் சாப்பிடறது தப்பே இல்ல, சூஷிய கைல எடுக்கலாம். வீடியோல இதயெல்லாம் பெரிய பாவம் மாதிரி சொல்லி பயமுறுத்துறாங்க.

கோயில் பக்கம் வருவோம். நம்ம சாமிங்க அங்க நெறய இருக்குன்னு தெரிஞ்சா அத்தைங்க விட மாட்டாங்க. கியோட்டோல சான்ஜூசங்கென்தோன்னு ஒரு நீளக் கோயில், கன்னோன்ங்கிற கருணை தெய்வத்தோட 1001 சிலை, முன்னாடி 28 காவல் தெய்வம், அதுல பிரம்மா, இந்திரன், கருடன் எல்லாம் உண்டு, கருடன் புல்லாங்குழல் ஊதிக்கிட்டு நிக்கிறாரு. உள்ள போட்டோ கூடாது, நம்ம கர்ப்பகிரகத்துல எடுப்பமா, அந்த மாதிரி நெனச்சுக்குங்க. டோக்கியோ அசாகுசால பெரிய சென்சோஜி கோயில மட்டும் பாத்துட்டு எல்லாரும் திரும்பிடுறாங்க, அங்கருந்து நடக்கிற தூரத்துல மட்சுச்சியாமா ஷோடென்னு ஒரு குட்டிக் கோயில், விநாயகர் வழில வந்த காங்கிட்டென் சாமி, படையல் வெள்ளை முள்ளங்கி. கொழுக்கட்டை இல்ல, முள்ளங்கி! சிலைய காட்ட மாட்டாங்க, மறைச்சுத்தான் வச்சிருப்பாங்க, எட்டிப் பாக்காதீங்க. நாங்க ஒரு முள்ளங்கி வாங்கி வச்சுட்டு தோப்புக்கரணம் போட்டோம், யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னுதான் முன்னாடியே சொன்னேனே. இன்னொண்ணு, கைதட்டி கும்பிடுறது தோரிங்கிற வளைவு வாசல் இருக்கிற ஷிண்டோ (ஜப்பானோட சொந்த மதம்) கோயில்ல மட்டும், 2 தடவ குனிஞ்சு 2 தட்டு தட்டி ஒரு தடவ குனியணும். புத்தர் கோயில்ல தட்டாம கைகூப்புனா போதும்.

தேதிலதான் பெருசா கோட்ட விட்டோம். நம்ம பசங்களுக்கு பரீட்சை முடியறதே ஏப்ரல்ல, அப்ப கிளம்புனா டோக்கியோ கியோட்டோல செர்ரி பூ கொட்டி முடிஞ்சிருக்கும், வழக்கமா அது மார்ச் கடைசி ஏப்ரல் மொத வாரம். அதுமட்டுமில்லாம ஏப்ரல் 29ல இருந்து மே 5 வரைக்கும் கோல்டன் வீக், ஜப்பானே லீவுல ஊர் சுத்தும், ரூம் விலை ஏறும், ஷிங்கான்சென் புல்லட் ரயில்ல சீட்டு கெடைக்காது. பூ வேணும்னா பரீட்சை டைம் டேபிளோட சண்ட போடணும், இல்லனா மே 6க்கு அப்புறம் போங்க, வெயிலும் கம்மி கூட்டமும் கம்மி.

ரயில் பாஸ கண்ண மூடிட்டு வாங்காதீங்க. 2023 அக்டோபர்ல 7 நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென்ல இருந்து 50,000 ஆயிடுச்சு, டோக்கியோ கியோட்டோ ஒரு வழி சுமாரா 14,000தான், போயிட்டு வந்தாலும் பாஸ் காசு வராது. பழைய வீடியோல எல்லாம் பாஸ் பாஸ்னு கத்துவாங்க, தேதிய பாருங்க. 6ல இருந்து 11 வயசு பசங்களுக்கு அரை டிக்கெட், அதுக்கு கீழ பெரியவங்களோட போனா ரிசர்வ் சீட்டு கேக்காத வரைக்கும் ஃப்ரீ. மூணு அளவையும் கூட்டுனா 160 செண்டிமீட்டர தாண்டுற பெட்டிக்கு ஷிங்கான்சென்ல தனி எடம் புக் பண்ணணும், அதுக்கு பதிலா பெட்டிய கொரியர்ல அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிடுங்க, பெரும்பாலும் மறுநாள் வந்துடும்.

மாத்திரை டப்பாவையும் ஒரு தடவ பாத்துருங்க, சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்கிற சளி மாத்திரை அங்க தடை. பச்சை கறிவேப்பிலை, பழம், கறி போட்ட எந்த ஐட்டமும் எடுத்துட்டுப் போகாதீங்க.

கடைசி தப்பு நல்லவேளை பண்ணாம தப்பிச்சோம். கோயாசான்னு ஒரு மலை, 9வது நூற்றாண்டுல குக்காய்ங்கிற துறவி ஆரம்பிச்ச எடம், மடத்துலயே தங்கலாம். அங்க போடுற ஷோஜின் சாப்பாடு துறவிங்க சாப்பாடு, கறி மீன் கெடையாது, பூண்டு வெங்காயம் கூட கெடையாது, டாஷியே கொம்புலயும் காளான்லயும்தான். அத்தைக்காகவே புக் பண்ணோம். ஆனா ராத்திரி சாப்பாடு சாயங்காலம் 5.30 இல்லனா 6க்கு, அதோட சரி, லேட்டா போனா பட்டினிதான், மலைல கடையெல்லாம் சீக்கிரமே மூடிடுவாங்க. ஒசாகா நாம்பால இருந்து ரயில், அப்புறம் கேபிள் கார், அப்புறம் பஸ்ஸு, நாங்க மூச்சு வாங்க 5.10க்கு போய் சேந்தோம். சின்னச் சின்ன கிண்ணத்துல எள்ளு டோஃபு, காளான் சாறு, ஊறுகாய், ஒரு இளம் சாமியார் கொண்டு வந்து வச்சாரு. அத்தை அட்டைய எடுக்க பைக்குள்ள கைய விட்டாங்க, நான் வேணாம்னு தலையாட்டுனேன், அவங்க சூப்ப எடுத்து மொதல்ல மோந்து பாத்தாங்க, அப்புறம் என்கிட்ட நீட்டி ‘நீ ஒரு தடவ மோந்து பாரு’ன்னாங்க.