கிளெமென்டேயின் ஃபீல்டிங் கணக்கு: ஒரு அவுட்ஃபீல்டரைச் சக ஆட்டக்காரர்களோடு ஒப்பிடுவது எப்படி?

பேஸ்பாலில் பேட்டிங் புள்ளிவிவரம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஃபீல்டிங் பக்கம் போனால்தான் தலை சுற்றும். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ரைட் ஃபீல்டர் (மைதானத்தின் வலது வெளிப்பகுதியைக் காப்பவர்) ராபர்ட்டோ கிளெமென்டே (1955–1972) சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை 12 முறை வாங்கியவர். வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட இன்னொருவர் வில்லி மேஸ் மட்டும்தான். ஆனால் கிளெமென்டேயின் ஃபீல்டிங் சதவீதமோ (கைக்கு வந்த வாய்ப்புகளில் பிழையின்றி முடித்தவற்றின் பங்கு) .973, அவர் காலத்து நட்சத்திர ரைட் ஃபீல்டர்கள் இருவரைவிடக் குறைவு. விருது கொடுத்தவர்கள் ஏமாந்தார்களா? ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே காலம், ஒரே இடம். மேஸைச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். அவர் சென்டர் ஃபீல்டர், அதாவது வெளிப்பகுதியின் நடுவில் நிற்பவர். அந்த இடத்துக்குப் பந்து அதிகம் வரும். அவரோடு வைத்துப் பார்த்தால் எந்த ரைட் ஃபீல்டரும் சோம்பேறியாகத்தான் தெரிவார். டெட்ராய்ட் டைகர்ஸின் அல் கேலைன், பிரேவ்ஸின் ஹாங்க் ஆரன் இருவரையும் எடுப்போம். இருவரும் பெரும்பாலும் ரைட் ஃபீல்டில் ஆடியவர்கள்.

படி 2: எண்களை எடுங்கள்

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டக்காரரின் பக்கத்தில் ஃபீல்டிங் அட்டவணை இருக்கும். அதில் அவுட்ஃபீல்டுக்கான மொத்த வரியை மட்டும் எடுங்கள். ஆரனும் கேலைனும் அவுட்ஃபீல்டுக்கு வெளியே ஃபர்ஸ்ட் பேஸிலும் (ரன்னர் முதலில் ஓடிச் சேரும் இடம்) நின்றிருக்கிறார்கள். அந்த எண்கள் கலந்தால் கணக்கே கெட்டது.

கிளெமென்டே: 2,370 ஆட்டம், 4,696 புட்அவுட், 266 அசிஸ்ட், 140 எரர்
கேலைன்: 2,488 ஆட்டம், 5,035 புட்அவுட், 170 அசிஸ்ட், 73 எரர்
ஆரன்: 2,760 ஆட்டம், 5,539 புட்அவுட், 201 அசிஸ்ட், 117 எரர்

அவுட்ஃபீல்டரின் புட்அவுட் என்றால் பெரும்பாலும் கேட்ச். அசிஸ்ட் என்பது அவர் எறிந்த பந்தால் ஒரு ரன்னர் அவுட் ஆவது. கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து எறிந்து ரன் அவுட் ஆக்குவது மாதிரி. எரர் என்பது எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை விடுவது அல்லது தவறாக எறிவது. அதை முடிவு செய்பவர் ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரர்.

படி 3: ஃபீல்டிங் சதவீதம்

புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி, அதை புட்அவுட், அசிஸ்ட், எரர் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கேலைன் .986, ஆரன் .980, கிளெமென்டே .973. புதியவர்கள் பலர் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் எட்ட முடியாத பந்துக்கு எரர் கிடையாது. ஓடாமல் நின்றவருக்கும் இந்தக் கணக்கில் நல்ல பெயர் கிடைக்கும்.

படி 4: ரேஞ்ச் ஃபேக்டர்

ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை அவுட்டில் ஒருவருக்குப் பங்கு என்று சொல்லும் அளவு இது, பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் புகழ்பெறச் செய்தது. புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி ஆட்டங்களால் வகுத்தால் போதும். கிளெமென்டே 2.09, கேலைன் 2.09, ஆரன் 2.08. மூவரும் ஒரே கோட்டில்! ஆக, வேறுபாடு கிளெமென்டேயின் எறியும் கையில்தான் இருக்க வேண்டும்.

படி 5: 100 ஆட்டங்களுக்கு எவ்வளவு?

அசிஸ்ட்டையும் எரரையும் தனித்தனியே ஆட்டங்களால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அசிஸ்ட்: கிளெமென்டே 11.2, ஆரன் 7.3, கேலைன் 6.8. எரர், அதே வரிசையில்: 5.9, 4.2, 2.9.

கிளெமென்டேக்குக் கேலைனைவிட 100 ஆட்டங்களுக்கு 3 எரர் கூடுதல், ஆனால் 4-க்கும் மேல் அசிஸ்ட் கூடுதல். எரர் பல நேரம் ஒரு பேஸோடு போய்விடும். அசிஸ்ட்டோ பேஸில் நிற்கும் ரன்னரையே துடைத்துவிட்டு ஓர் அவுட்டையும் தரும். துணிந்து எறிபவருக்குத் தவறான எறிதலும் கூடத்தான் செய்யும். என் கணக்கில் இந்தப் பேரம் கிளெமென்டேக்கு லாபம்.

அசிஸ்ட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு: கை வலுவானது என்ற பேச்சு பரவினால் ரன்னர்கள் ஓடவே மாட்டார்கள், எண்ணிக்கை குறையும். கேலைனின் கையும் பேர்போன கைதான், அவருடைய 170-ஐ அற்பமாக எண்ண வேண்டாம். கிளெமென்டே 1958-இல் நேஷனல் லீக் (பைரேட்ஸ் ஆடும் லீக்) அவுட்ஃபீல்டர்களில் அசிஸ்ட்டில் முதலிடம் பிடித்தார். 1966, 1967-இலும் அவரேதான் முதலிடம். அத்தனை வருடம் கழித்தும் அவரைச் சோதித்துப் பார்க்க ரன்னர்கள் இருந்திருக்கிறார்கள்!

படி 6: மைதானம்

1970 பாதிவரை பைரேட்ஸின் சொந்த மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். அங்கே ரைட் ஃபீல்ட் கோட்டோரம் சுவர் வெறும் 300 அடி தூரம். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை உடனே எடுத்து எறியலாம், அசிஸ்ட் கூடியதில் மைதானத்துக்கும் பங்கு இருக்கலாம். அதனால் 1970-க்கு முந்தைய சீசன்களையும் பிந்தையவற்றையும் தனி வரிகளில் போட்டு, படி 5-ஐ மறுபடி செய்து பாருங்கள். டிஃபென்ஸிவ் ரன்ஸ் சேவ்டு (ஃபீல்டிங்கால் தடுத்த ரன்களின் கணக்கு) மாதிரியான புது அளவுகளை இவர்களுக்குத் தேடாதீர்கள். அவை 2003-இலிருந்துதான் தொடங்குகின்றன.