ஆபரேஷன் தியேட்டரில் தொடங்கும் மர்மக் கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் நாங்கள் நடத்தும் கதைப் பட்டறைக்கு மருத்துவ மர்மக் கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மருந்தின் பெயரைத் தப்பாக எழுதுவதெல்லாம் ஒரு டாக்டரிடம் கேட்டால் சரியாகிவிடும். கதையையே கவிழ்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரவோடு இரவாகக் கைது

இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கோவை அவிநாசி சாலையில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனவர் இறந்துவிடுகிறார். உறவினர்கள் மறியல். அடுத்த பக்கத்திலேயே சர்ஜனுக்கு விலங்கு, கொலை வழக்கு. அப்புறம் துப்பறிய என்ன மிச்சம்?

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். நடவடிக்கைக்கு முன், அதே துறை தெரிந்த வேறொரு டாக்டரிடம், கூடுமானவரை அரசுப் பணியில் இருப்பவரிடம், போலீஸ் கருத்துப் பெற வேண்டும். எடுத்த எடுப்பில் கைது கூடாது. பிரிவும் கொலைக்கானதல்ல, 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. சிகிச்சையின்போது நேர்ந்த மரணத்தில் பதிவுபெற்ற டாக்டருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை.

"இப்படி எழுதினா வேகம் போயிருமுங்களே?" என்றார் பட்டறைக்கு வந்த தம்பி ஒருவர். போகாது. கருத்துச் சொல்ல வரும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், அந்தச் சர்ஜனோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர் என்று வையுங்கள். அனஸ்தீசியா சார்ட்டில், அதாவது மயக்க மருந்து கொடுத்த விவரத் தாளில், ஒன்றைப் பார்க்கிறார். அறிக்கையில் அதை எழுதவில்லை. இதை வைத்தே பாதி நாவல் ஓடும்.

ஜூரி

குற்றவாளியா இல்லையா என்று பொதுமக்கள் குழு முடிவு சொல்வது நம் ஊர்க் கோர்ட்டில் கிடையாது. வெட்டிவிடுங்கள்.

இழப்பீடும் தண்டனையும் ஒரே தீர்ப்பில்

இரண்டும் தனித்தனி வழக்கு. தண்டனை குற்றவியல் கோர்ட்டில்; இழப்பீட்டுக்குக் குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். அங்கே புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு.

வயிற்றுக்குள் கத்தரிக்கோல்

எக்ஸ்ரே எடுத்ததுமே மர்மம் முடிந்துவிடும். ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றியெடுக்கும் மாப் துணி, ரத்தத்தில் ஊறி உள்ளேயே தங்கிவிட்டதாக எழுதுங்கள்; சர்ஜன் கண்ணுக்கே தப்பும். அதிலும் எக்ஸ்ரேயில் தெரியும் இழை உண்டு. அதனால் தையல் போடும் முன் நர்ஸ் எண்ணி எழுதிய கணக்கைப் பிடியுங்கள். படத்தில் இழை தெரிகிறது, தாளில் கணக்குச் சரியாக இருக்கிறது என்றால், பொய் சொன்னது யார்?

கேஸ் ஷீட்டை மறப்பது

நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட் முதலிய சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. திருத்த நினைப்பவருக்கும் அவ்வளவுதான் அவகாசம். கதையை அந்த மூன்று நாளில் தொடங்குங்கள்.