பெரிய வில்லன் வர்ற எபிசோட்ல எங்க கோட்டை விடுறாங்க

சூப்பர்ஹீரோ சீரிஸ்க்கு எபிசோட் எழுத ஆரம்பிக்கிறவங்க கிட்ட "வில்லன் எப்படிப்பட்டவன்"னு கேட்டா உடனே வர்ற பதில் ஹீரோவ விட பத்து மடங்கு பலசாலின்னுதான் இருக்கும். முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. பலத்தை எவ்வளவு வேணா ஏத்திக்கலாம், பேப்பர்ல எழுதுறதுக்கு ஒரு செலவும் இல்ல, ஆனா பாக்குறவங்களுக்கு வயித்துல ஒரு பயம் வரணும்னா வில்லன் ஹீரோவோட பலத்தையே செல்லாக்காசு ஆக்கணும்.

2015ல வந்த ஜெசிகா ஜோன்ஸ் சீரிஸ எடுத்துக்கோங்க. ஹீரோயின் ஜெசிகா கையால அடிச்சா சுவரே உடையும், வில்லன் கில்கிரேவ் உடம்பளவுல சாதாரண ஆளு, ஒரே ஒரு குத்துல கீழ விழுந்துருவான். ஆனா அவன் வாயால சொன்னத கேக்குறவங்க செஞ்சே தீரணும், அதனால போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள இருக்குற அத்தனை போலீஸையும் ஒருத்தர் மேல ஒருத்தர் துப்பாக்கிய நீட்ட வச்சுட்டு கூலா நிக்கிறான். இப்போ ஜெசிகாவோட பலத்த வச்சு என்ன பண்றது? அவன தொட்டா அப்பாவிங்க சாவாங்க. அந்த சீன்ல ஒரு அடிதடியும் இல்ல, ஆனா பாக்குறப்ப மூச்சு முட்டும்.

அடுத்தது, வில்லன் எவ்வளவு டேஞ்சர்னு ஆளாளுக்கு டயலாக்ல சொல்றது. "அவன் யாருன்னு உனக்குத் தெரியாது, அவன் ரொம்ப கொடூரமானவன்"னு நாலு பேர் வந்து சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. டேர்டெவில் முதல் சீசன்ல (அதுவும் 2015தான்) வில்லன் வில்சன் ஃபிஸ்க் முகத்த மூணாவது எபிசோட் கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க, அவன் பேரையே யாரும் வாய விட்டு சொல்ல மாட்டாங்க, ஒரு அடியாள் ஹீரோ அடி தாங்காம பேர சொல்லிட்டு அடுத்த நிமிஷமே தன் உயிர தானே எடுத்துக்குவான். பேர சொன்னதுக்கு அப்புறம் உயிரோட இருக்குறதுக்கே அவ்வளவு பயம். அதுக்கப்புறம் ஃபிஸ்க்க முதல் தடவையா பாக்குறோம், ஒரு ஓவியக் கூடத்துல வெள்ளையா ஒரு படத்து முன்னாடி அமைதியா நிக்கிறான், பேசுறப்ப கூச்சப்படுறான். அடுத்த எபிசோட்லயே ஒருத்தன் தலைய கார் கதவுல நசுக்குறான். அந்த கூச்சத்த முதல்ல பாக்காம நேரா கார் கதவுக்குப் போயிருந்தா அவன் இன்னொரு முரடன், அவ்வளவுதான்.

முதல் மோதல்ல ஹீரோ தோக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா தோக்குறத அரைகுறையா எழுதுறாங்க. ரெண்டு அடி வாங்குவாரு, உதட்டுல கொஞ்சம் ரத்தம், அடுத்த சீன்ல எழுந்து பிளான் போட ஆரம்பிச்சிருவாரு. அப்புறம் எதுக்கு அந்த தோல்வி? தி ஃப்ளாஷ் (மின்னல் வேகத்துல ஓடுற ஹீரோ பேரியோட சீரிஸ்) ரெண்டாவது சீசன்ல வில்லன் ஜூம் வர்ற எபிசோட்ல பேரியும் அவன் டீமும் போட்ட பொறிய அவன் ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டு, பேரியோட முதுகெலும்ப உடைச்சு, அந்த உடம்ப பத்திரிகை ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன்னு ஊர் முழுக்க தூக்கிட்டுப் போய் "உங்க ஹீரோ இதுதான்"னு எல்லார் கண் முன்னாடியும் காட்டுவான். வலிய விட அந்த அவமானம்தான் அதிகமா குத்தும். பேரிக்கு உடம்பு சீக்கிரம் ஆறிடும்ங்கிறது கதையோட விதி, அத மாத்த முடியாது, ஆனா அடுத்த எபிசோட்ல உடம்பு சரியானாலும் மனசுல இருக்குற பயம் போகாம அவன் ஓடவே திணறுறத காட்டினாங்க. உங்க ஹீரோவுக்கும் சீக்கிரம் காயம் ஆறுற சக்தி இருந்தா இத கட்டாயம் யோசிங்க, உடம்புல ஆறுனது வேற எங்கயாவது ஆறாம இருக்கணும்.

இப்போ எனக்கு ரொம்ப கோவம் வர்ற தப்பு. முப்பது நிமிஷமா யாராலயும் அசைக்க முடியாத வில்லன், கிளைமாக்ஸ்ல ஹீரோ கத்திக்கிட்டே ஒரு அடி அடிச்சா விழுந்துருவான். இல்லேன்னா அதுவரைக்கும் கேள்விப்படாத புது சக்தி ஒண்ணு ஹீரோவுக்கு திடீர்னு முளைக்கும். பாக்குறவங்க அவ்வளவு நேரம் பயந்தது எல்லாம் வீண்.

இத எப்படி சரியா பண்றதுன்னு கத்துக்க நான் திரும்பத் திரும்ப போறது 1992ல வந்த பேட்மேன் அனிமேஷன் சீரிஸோட ஹார்ட் ஆஃப் ஐஸ் எபிசோடுக்குத்தான், பால் டினி எழுதினது, மொத்தமே இருபத்தி ரெண்டு நிமிஷம் கிட்டதான். அதுல பேட்மேனுக்கு ஜலதோஷம். அவரோட வீட்டு உதவியாளர் ஆல்ஃப்ரெட் ஒரு பிளாஸ்க்ல சூடா சிக்கன் சூப் குடுத்து அனுப்புறாரு, நாமளும் அத சின்ன தமாஷா நினைச்சு மறந்துடுறோம். கடைசில, குளிர்ல மட்டுமே வாழ முடிஞ்ச வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் பேட்மேன் கழுத்த புடிச்சு நெரிக்கிறப்ப அவர் அந்த பிளாஸ்க்க ஃப்ரீஸ் தலைல இருக்குற கண்ணாடி கவசத்து மேல அடிச்சு உடைக்கிறாரு, உறைஞ்சு போன கண்ணாடில சூடு பட்டதும் விரிசல் விட்டு உடையுது. ஜில்லுனு இருக்குற கண்ணாடி டம்ளர்ல கொதிக்கிற தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு நமக்கே தெரியும், அதே விஷயம்தான். வில்லன் பலம் ஒரு துளி கூட குறையல, புது சக்தி எதுவும் வரல, ஜெயிக்கிறதுக்கான பொருள் முதல்லயே நம்ம கண்ணு முன்னாடி இருந்துச்சு.

அந்த எபிசோட்லயே இன்னொரு பாடமும் இருக்கு. ஃப்ரீஸ் 1959லயே காமிக்ஸ்ல மிஸ்டர் ஜீரோன்னு வேற பேர்ல வந்தவன், அப்போ பனித் துப்பாக்கி வச்ச திருடன், அவ்வளவுதான். டினி அவனுக்கு நோரான்னு நோய்ல சாகக் கெடக்குற ஒரு மனைவியக் குடுத்தாரு, அவள உறைய வச்சு காப்பாத்த அவன் பண்ணின ஆராய்ச்சிய கம்பெனி முதலாளி பாதில நிறுத்துறான். நிறைய ஸ்கிரிப்ட்ல இந்த மாதிரி கதைய வில்லனே சண்டைக்கு நடுவுல நின்னு சொல்லுவான், ஹீரோவும் கைய கட்டிக்கிட்டு கேப்பாரு. இங்க அந்தக் கொடுமைய பேட்மேன் ஒரு பழைய வீடியோ பதிவுல தானே பாத்து தெரிஞ்சுக்கிறாரு. அதுக்கப்புறம் அவர் சண்டை போடப் போறது ஒரு பாவப்பட்ட மனுஷன் கிட்ட, அந்த கனம் கூடவே போகுது.

அடியாளுங்க வரிசைல நின்னு ஒவ்வொருத்தரா வந்து அடி வாங்குறது, ஹீரோவுக்கு மூச்சே வாங்காதது, இதெல்லாம் சொல்லித் தெரியணும்னு இல்ல. ஹீரோவ கட்டிப் போட்டுட்டு வில்லன் வெளிய போறது மட்டும் ஒரு வார்த்தை. 1966 பேட்மேன் சீரிஸ்ல அது இருந்துச்சுன்னா அதுக்கு காரணம் இருந்துச்சு, புதன்கிழமை பொறில மாட்டிவிட்டு வியாழக்கிழமை மிச்சத்த காட்டணும், ஒரு ராத்திரி பூரா ஜனங்க காத்துக்கிட்டு இருக்கணும். உங்க எபிசோட் ஒரே மூச்சுல ஓடுறப்ப அத அப்படியே எடுத்துப் போட்டா வில்லன் முட்டாளாத்தான் தெரிவான்.

கடைசி ரெண்டு நிமிஷத்தையும் அவசரமா முடிக்காதீங்க. வில்லன போலீஸ் வண்டில ஏத்தினதும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி முடிச்சா அவன் வந்த தடமே இருக்காது. ஹார்ட் ஆஃப் ஐஸ் கடைசில ஃப்ரீஸ் குளிர் ஏத்தின ஒரு சிறை அறைல, நோராவ ஞாபகப்படுத்துற ஒரு சின்ன கண்ணாடி உருண்டை பொம்மைய (உள்ள பனி விழுற மாதிரி இருக்குமே, அது) வச்சுக்கிட்டு, அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே அழறான்.