வீட்டில் வலியைக் கையாளும் முறை: மாத்திரை அட்டையின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

இடுப்புப் பிடிப்பு, கழுத்து வலி, முழங்கால் வலி, தலைவலி, கால் சுளுக்கு ஆகியவைதான் பெரும்பாலான வீடுகளுக்கு அடிக்கடி வந்து போகும் வலிகள். பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மில் பலர் தமது கழுத்து வலியோடு, ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் பெற்றோரின் மூட்டு வலியையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. என் தாயாரின் முழங்கால் வலியையும் என் கழுத்து வலியையும் கட்டுக்குள் கொண்டுவரப் பயன்பட்ட முறையை இங்கே எழுதுகிறேன். இது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

படி 1: வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத வலிகள்

நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையுடன் வரும் வலியை வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று உச்சத்தில் தொடங்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்து வரும் தலைவலி, இடுப்பு வலியுடன் சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தொடை இடுக்கில் மரத்துப் போவது, கீழே விழுந்த பின் காலை ஊன்றவே முடியாமல் போவது ஆகியவையும் அப்படியே. 108-ஐ அழையுங்கள், இல்லையெனில் அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், வாகனங்கள் தேங்கி நிற்கும் சில்க் போர்டு சந்திப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்பதற்காக மாலை நெரிசலில் நகரைக் கடக்க முயல வேண்டாம்.

படி 2: எழுதி வையுங்கள்

வலி எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது, 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் தரலாம், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினீர்கள் ஆகியவை போதும். கைப்பேசிச் செயலிகளைவிடச் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையே நான் பரிந்துரைப்பேன். வலி யாருக்கு இருக்கிறதோ அவரே எழுதலாம், வீட்டில் உள்ள எல்லோர் கண்ணிலும் படும், மருத்துவரிடம் அப்படியே கழற்றி எடுத்துச் செல்லலாம்.

படி 3: மாத்திரை அட்டையைப் படியுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அட்டையின் முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த வணிகப் பெயர். பின்புறத்து வெள்ளித் தாளில், பெரும்பாலும் கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் அச்சிடப்பட்டிருப்பதுதான் உள்ளே உண்மையில் இருக்கும் மருந்து. "அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி." என்று இரண்டு வரிகள் இருந்தால், ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன என்று பொருள். சிலவற்றில் செராஷியோபெப்டிடேஸ் என்று மூன்றாவதும் சேர்ந்திருக்கும்.

சேலத்திலோ வேலூரிலோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கு வரும் பெற்றோருக்கு, இங்குள்ள மருத்துவர் வேறு வணிகப் பெயரில் அதே மருந்தை எழுதிக் கொடுக்கக்கூடும். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்புறத்தைப் படித்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்பது தெரிந்தது.

பாராசிட்டமால் கணக்கு இன்னும் முக்கியமானது. உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4,000 மி.கி. என்பதே உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். 650 மி.கி. மாத்திரையை மூன்று வேளை போட்டால் 1,950. மேலே சொன்ன கூட்டு மாத்திரையை இரு வேளை போட்டால் 650. சளிக்கென்று வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் 500 மி.கி. இருக்கிறது; அதை மூன்று வேளை போட்டால் 1,500. ஆக மொத்தம் 4,100. மூன்று வெவ்வேறு தொல்லைகளுக்கு மூன்று வெவ்வேறு மாத்திரைகளை எடுத்துக்கொண்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். எடை 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், முதியவர்கள், கல்லீரல் நோயாளிகள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 650 மி.கி. மாத்திரை என்றால் இரு வேளைகளுக்கு இடையே 6 மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென், நேப்ராக்சன், எட்டோரிகாக்சிப், மெஃபனாமிக் அமிலம் ஆகியவை அடங்கிய, வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்துக் குடும்பம். இவற்றில் ஒரே நேரத்தில் இரண்டை எடுக்கக் கூடாது. வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் கூடுவது ஆகியவை இவற்றால் வரக்கூடியவை. உணவுக்குப் பின் எடுத்தாலும் அந்த ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. டைக்ளோஃபினாக்கும் அசிக்ளோஃபினாக்கும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஆனாலும், "கால் வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பவருக்கு அவை எளிதாகக் கைக்கு வந்துவிடுகின்றன என்பதே எனக்குக் கவலை தருகிறது. கூட்டு மருந்துகளில் எல்லாமே பயனுள்ளவை என்றும் கொள்ள வேண்டாம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்த 156 கூட்டு மருந்துகளில் வலி மாத்திரைகளும் இருந்தன.

நடைமுறையில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் இருக்கும் துண்டோடு போய்விடுகின்றன. எனவே முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். அல்லது வெட்டுவதற்கு முன் இரு புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இயன்றவரை மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் ஜன் ஔஷதி மருந்துக் கடையில்தான் வாங்குகிறேன். அங்கே வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரே அட்டையில் இருக்கும், விலையும் குறைவு. வீட்டுக்கு வந்ததும், அழியாத மை பேனாவால் "முழங்கால் – சாப்பிட்ட பின் – காலை மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆங்கிலமும் கன்னடமும் படிக்காத பெரியவர்கள் தனியாக இருக்கும் பகல் வேளையில் அந்தத் துண்டுச் சீட்டுதான் துணை.

படி 4: ஒத்தடமும் ஜெல்லும்

சுளுக்குக்கு முதல் இரண்டு நாட்கள் ஐஸ் ஒத்தடம். துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம். தசைப் பிடிப்புக்கும் காலை நேர மூட்டு விறைப்புக்கும் வெந்நீர் ஒத்தடம். மின்சாரப் பைகளைவிடப் பழைய ரப்பர் வெந்நீர்ப் பையே எனக்குப் பிடித்தது. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. முழங்கால் தேய்மான வலிக்கு மாத்திரைக்கு முன் டைக்ளோஃபினாக் ஜெல்லை முயன்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் தடவிய இடத்தில் மட்டும் வேலை செய்வதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும் அளவு குறைவு. ஜெல்லோ தைலமோ தடவிய இடத்தின் மேல் ஒத்தடம் வேண்டாம்.

படி 5: படுத்தே கிடக்காதீர்கள்

சாதாரண இடுப்பு வலிக்கு நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். 2014-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், புதிதாக வந்த இடுப்பு வலி விரைவில் குணமாவதற்குப் பாராசிட்டமால் உதவவில்லை. பாராசிட்டமால் எடுத்தவர்களும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் குணமடைந்தார்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்கென 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் முன்வைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து பெல்ட் வாங்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு என் தாயார் செய்யும் பயிற்சி எளிமையானது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, தொடைத் தசை இறுகியிருப்பதைக் கைவைத்து உணர்ந்தபடி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். பலன் தெரிய வாரங்கள் ஆகும், இடையில் விட்டுவிடாதீர்கள். கழுத்து வலிக்கு என் அனுபவத்தில் உதவியது, மடிக்கணினியின் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியதும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்ததும்தான்.

வாசகர்களின் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால் என்ன எடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டுமே. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது என்பதால், இந்நகரில் இது ஏட்டளவு எச்சரிக்கை அல்ல. இதயத்துக்கென்று மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் தானாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள்.

மாதவிடாய் வலிக்கு மெஃபனாமிக் அமிலம் எடுப்பவர்கள், மாத்திரை தொடங்கிய பின் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய கடுமையான ஒவ்வாமையைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்திருக்கிறது.

தலைவலிக்கு மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை எடுக்கும் நிலை மாதக்கணக்கில் நீடித்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். படி 2-இல் சொன்ன காலண்டரில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெற்றோரைப் பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். சார்ட்டானில் முடியும் பெயருள்ள மாத்திரையும் (டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான்), சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் எடுப்பவருக்கு டைக்ளோஃபினாக் குடும்பத்து மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவருடைய எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரின் மேசையில் வைத்து, வலிக்கு இவற்றோடு எதைச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். ஊர் மருத்துவர் கொடுத்தவற்றையும் விட்டுவிடாதீர்கள்.