கிம்ப்பில் நிழலுருக் காட்சி: வெள்ளை விளிம்பை நீக்கிய விதம்

மாலை வானத்தின் முன் மூன்று மலைத்தொடர்களையும் அவற்றுக்கு முன்னால் பனைமரங்களையும் தனித்தனி லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத் தாள்களாக) அடுக்கி, கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் ஒரு நிழலுருக் காட்சியை அமைத்தபோது, புகைப்படத்திலிருந்து வெட்டியெடுத்த பனையோலைகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிந்தது. ஓரத்துப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும் தன்மையுடன் பழைய வானத்தின் வெளிர்நிறத்தையும் சுமந்திருப்பதே இதற்குக் காரணம். அழிப்பானால் சுரண்டினால் ஓலை நுனிகள் மொட்டையாகிவிடும் என்பதால், அந்த லேயரின் ஆல்ஃபா சேனலை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளிபுகும் என்ற தகவலை, மாறாதபடி பூட்டிவிட்டு, லேயர் முழுவதையும் ஒரே கருநிறத்தால் நிரப்பினேன். ஒளிபுகும் அளவு மாறாமல் நிறம் மட்டும் மாறியதால் விளிம்பு மறைந்தது, நுனிகளின் கூர்மையும் கெடவில்லை.

ஆழம் வரவழைப்பது எளிது. காற்றில் சிதறும் ஒளியால் தொலைவிலுள்ள மலை வானத்தின் நிறத்தை நெருங்குகிறது. ஆகவே அடிவானத்தில் எடுத்த நிறத்தைத் தொலைவுக்கேற்பக் கூட்டிக் கலந்தேன். (வெறும் சாம்பல் நிறம் காட்சியை அழுக்காக்கும் என்பது என் கருத்து.)

நிறம் சீராக மாறாமல் படிப்படியாக மாறியதால் வானத்தில் விழுந்த பட்டைக் கோடுகள்தாம் மிஞ்சின. ஒரு நிறச் சேனலுக்கு 256 படிகள் மட்டுமே கொண்ட 8 பிட் துல்லியத்தை 16 பிட்டாக மாற்றி, வானத்தின் கிரேடியன்டை (ஒரு நிறம் மெல்ல மற்றொன்றாக மாறும் நிரப்பை) மீண்டும் வரைந்து, ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் முன் சிறிதளவு நாய்ஸ் (ஒழுங்கற்றுச் சிதறிய நுண்புள்ளிகள்) சேர்த்ததும் அவை கண்ணுக்குத் தெரியாமல் போயின.