ரெண்டு சாம்பிள் இசட் டெஸ்ட்: எங்கெல்லாம் சறுக்குது?

ரெண்டு தனித்தனி குழுவோட சராசரி நிஜமாவே வேறயா, இல்ல சாம்பிள்ல தற்செயலா வந்த வித்தியாசமான்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட். ஒரு கணக்கு வெச்சே பேசுவோம். ஏ காலேஜ்ல இருந்து எடுத்த சாம்பிள் 64 பேர், சராசரி மார்க் 52.5, எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், மார்க் சராசரியில இருந்து எவ்ளோ சிதறியிருக்குங்கற அளவு) 8. பி காலேஜ்ல 100 பேர், சராசரி 50, எஸ்டி 10. ரெண்டு காலேஜோட சராசரியும் நிஜமாவே வேறயான்னு 5% லெவல்ல (நிஜத்துல வித்தியாசமே இல்லாதப்ப இருக்குன்னு தப்பா சொல்ற வாய்ப்பு 5%) பாக்கணும்.

வித்தியாசம் 2.5, அது எல்லாருக்கும் வந்துடும், கீழ எதால வகுக்கறதுங்கறதுலதான் முக்கால்வாசி பேர் கோட்ட விடுறாங்க. எஸ்டிய ஸ்கொயர் பண்ணி அந்தந்த சாம்பிள் சைஸால வகுக்கணும்: 64/64 = 1, 100/100 = 1, கூட்டுனா 2, ரூட் எடுத்தா 1.414. 2.5ஐ இதால வகுத்தா இசட் = 1.77. இதுல ஸ்கொயர் பண்ண மறந்து 8/64 + 10/100ன்னு போட்டா இசட் 5.27ன்னு எகிறிடும், பாக்க பயங்கர சிக்னிஃபிகன்ட் (தற்செயல்னு ஒதுக்க முடியாத வித்தியாசம்) மாதிரி இருக்கும், மொத்தமும் தப்பு. தனித்தனியா ரூட் எடுத்து கூட்டுனா கீழ 2 வந்து இசட் 1.25ன்னு இறங்கிடும், அதுவும் தப்பு. இன்னொரு கோஷ்டி இருக்கு, மேல மைனஸ் இருக்குன்னு கீழயும் மைனஸ் போடுவாங்க, இங்க 1 − 1 = 0, இப்ப எதால வகுப்பீங்க? மீன்தான் (சராசரிதான்) கழியும், ரெண்டும் தனித்தனி சாம்பிளா இருந்தா வேரியன்ஸ் (எஸ்டியோட ஸ்கொயர்) எப்பவும் கூடும்.

அடுத்தது டெயில், அதாவது வித்தியாசத்த ரெண்டு பக்கமும் தேடுறதா, ஒரு பக்கம் மட்டுமாங்கறது. 'வேறயா'ன்னு கேட்டா டூ டெயில், கட்ஆஃப் 1.96, நம்ம 1.77 தாண்டல. 'ஏ காலேஜ் அதிகமா'ன்னு கேட்டிருந்தா ஒன் டெயில், 1.645, தாண்டிடுச்சு. ஒரே டேட்டா, ரெண்டு பதில்! அதனால விடைய பாத்துட்டு டெயில மாத்துறது சுத்த ஏமாத்து வேலைங்க, டேட்டாவ தொடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும்.

தாண்டலன்னா உடனே 'ரெண்டும் சமம்'னு எழுதிடாதீங்க. வேறன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்ல, அவ்ளோதான். ஹைப்பாதிசிஸ்லயும் (நாம டெஸ்ட் பண்ற கூற்றுலயும்) எக்ஸ் பார் (சாம்பிள் சராசரி) எழுதக் கூடாது, மியூதான் (மொத்த காலேஜோட நிஜ சராசரி), சாம்பிள் சராசரிதான் கண்ணு முன்னாடியே இருக்கே, அத எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?

இசட் டெஸ்ட் போட சாம்பிள்ல 30 பேருக்கு மேல இருக்கணும்ங்கற ரூல் ரெண்டு சாம்பிளுக்கும் தனித்தனி. 50ம் 12ம் சேர்த்து 62 இருக்குன்னு சமாளிக்க முடியாது.

இதவிட பெரிய தப்பு ஒண்ணு, கால்குலேட்டர எடுக்கறதுக்கு முன்னாடியே நடக்குது. அதே 100 பேருக்கு கோச்சிங்குக்கு முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட் வெச்சுட்டு இந்த ஃபார்முலாவ போடுறது. அது ரெண்டு தனி சாம்பிளே இல்ல, ஒவ்வொருத்தரோட முன்-பின் வித்தியாசத்தையும் எடுத்து பேர்டு (ஜோடி) டெஸ்ட் போடணும். இல்லன்னா, முன்னாடி நல்லா எழுதுனவங்கதான் பின்னாடியும் நல்லா எழுதியிருப்பாங்கங்கறதால கீழ உள்ள நம்பர் தேவையில்லாம ஊதிடும், நிஜமாவே இருக்கற முன்னேற்றம் கண்ணுல படாமலே போயிடும்.

சாம்பிள் ரொம்ப பெருசானா வேற வில்லங்கம். அதே எஸ்டியோட 6400 பேர், 10000 பேர்னு எடுத்தா வெறும் 0.4 மார்க் வித்தியாசத்துக்கே இசட் 2.83 வந்துடும். சிக்னிஃபிகன்ட்தான், ஆனா 95% இன்டர்வல் (நிஜ வித்தியாசம் இருக்கலாம்னு கணக்கிடுற எல்லை) போட்டு பாருங்க, 0.12ல இருந்து 0.68 வரைக்கும்தான், முழுசா ஒரு மார்க் கூட தேறல.