டிஎஸ்டி ராலி: சொந்தக் காரில் முதல் முறை ஓட்டப் போகிறவர்களுக்கு

ராலி என்றதும் புழுதி பறக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். டிஎஸ்டி வேறு ரகம். டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ் என்ற மூன்றின் முதலெழுத்துகள் அவை. பொதுச் சாலையில், போக்குவரத்து விதிக்கு உட்பட்டு, அமைப்பாளர் சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நொடியில் ஒவ்வோர் இடத்தையும் கடக்க வேண்டும். சீக்கிரம் போனாலும் தண்டப்புள்ளி, தாமதமானாலும் தண்டப்புள்ளி. பல போட்டிகளில் சீக்கிரம் போவதற்கே தண்டம் கூடுதல். எனவே வீட்டில் நிற்கும் ஆல்டோவே போதும். ஓட்ட ஒருவர், பக்கத்தில் வழி சொல்லவும் கணக்குப் போடவும் ஒருவர் (நேவிகேட்டர்). ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இரண்டாமவர் கையில்தான் இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற போட்டி என்றால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டு சங்கங்களின் கூட்டமைப்பு) உரிமம் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே இதை விசாரித்துவிடுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் நான்கும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். நேவிகேட்டருக்குக் கிளிப் வைத்த அட்டை, பென்சில் நான்கு, அழிப்பான், சாதாரண கால்குலேட்டர், நொடி காட்டும் டிஜிட்டல் கடிகாரம் வேண்டும். ஜிபிஎஸ் செயலிக்கு அனுமதி உண்டா என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும், விதிப்புத்தகத்தைப் பாருங்கள். ஓடும் காரில் குனிந்து படித்தால் பலருக்குக் குமட்டும். மாத்திரை போடுவதானால் நேவிகேட்டர் மட்டும் போடட்டும். அது தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவருக்கு ஆகாது.

அமைப்பாளர் தரும் வழிப்புத்தகமான ரோடு புக்கில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சிறு படம் இருக்கும். அதை டியூலிப் என்பார்கள். நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்த பெயர். படத்தின் அடியில் உருண்டை: நீங்கள் வரும் வழி. அம்பு: போக வேண்டிய வழி. படம் எப்போதும் நீங்கள் வரும் கோணத்தில்தான் வரைந்திருக்கும், வடக்கு தெற்கு பார்க்காதீர்கள். பக்கத்திலேயே தொடக்கத்திலிருந்து மொத்தத் தூரமும், முந்தைய படத்திலிருந்து இடைத்தூரமும் அச்சாகியிருக்கும். புதியவர்கள் படத்தை மட்டும் நம்பி முன்னதாகவே திரும்பிவிடுவார்கள். நம் கிராமச் சாலைகளில் ஒரே மாதிரி முச்சந்தி அரை கிலோமீட்டருக்கு ஒன்று வரும். 3.45-இல் இடது என்றிருக்க, 3.20-இல் ஓர் இடது வந்தால் அது உங்களுடையது அல்ல. தூரமும் படமும் இரண்டும் பொருந்தினால்தான் திரும்ப வேண்டும்.

இப்போது, பெரும்பாலோர் கோட்டை விடும் இடம்: ஓடோ திருத்தம், அதாவது காரின் ஓடோமீட்டர் காட்டும் தூரத்தை ரோடு புக்கோடு பொருத்துவது. அமைப்பாளர் தூரம் அளந்த காரும் உங்கள் காரும் ஒரே அளவு காட்டாது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 12 குறைகிறது. அதாவது 2 சதவீதம். தேய்ந்த டயர் அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் அதிகம் காட்டும். காற்றழுத்தமும் சிறிது மாற்றும். எனவே முதல் நாளே காற்றைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு தொடாதீர்கள்.

திருத்தத்துக்கென்றே தொடக்கத்தில் ஒரு பகுதி கொடுத்திருப்பார்கள். ரோடு புக்கில் 8.00, உங்கள் டிரிப் மீட்டரில் (பூஜ்யத்திலிருந்து தூரம் அளக்கும் மீட்டர்) 8.2 என்றால், 8.2-ஐ 8-ஆல் வகுங்கள்: 1.025. இனி ரோடு புக்கின் ஒவ்வொரு தூரத்தையும் இதனால் பெருக்கி, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். 24.00 என்பது உங்கள் காரில் 24.6. இதைச் செய்யாமல் 36 கி.மீ. வேகத்தில் போனால், 24 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒரு நிமிடம் தாமதமாகியிருப்பீர்கள். சரியாகப் போகிறோம் என்ற நிம்மதியோடு. டேஷ்போர்டு மீட்டர் பொதுவாக 100 மீட்டர் துல்லியம்தான் காட்டும். அந்த வேகத்தில் 100 மீட்டர் என்பது 10 நொடி. அதனால் இலக்கம் மாறும் கணத்தில் படியுங்கள், இடையில் ஊகிக்காதீர்கள்.

நேரக் கணக்கு எளிது. 3600-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நொடி என்று வரும். 30-க்கு 120, 36-க்கு 100, 40-க்கு 90, 45-க்கு 80, 48-க்கு 75. இந்த ஐந்தையும் அட்டையின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். உதாரணமாக, 7:12:00-க்குக் கிளம்புகிறீர்கள். 12.40 கி.மீ. வரை வேகம் 36. ஆக 1240 நொடி, 20 நிமிடம் 40 நொடி. அங்கிருந்து 21.40 வரை வேகம் 30. தூரம் 9 கி.மீ., 1080 நொடி, 18 நிமிடம். அப்படியானால் 21.40-ஐ 7:50:40-க்குக் கடக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிட ரோடு புக் தூரம், மீட்டரில் பார்க்கத் திருத்திய தூரம். இரண்டையும் குழப்பினால் எல்லாம் போச்சு. வேகம் மாறும் வரிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். கிளம்பும் முன் அதிகாரபூர்வக் கடிகாரத்தோடு உங்கள் கடிகாரத்தை நொடி சுத்தமாகச் சேர்த்துவையுங்கள்.

ஓடும்போது நேவிகேட்டர் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் நேரத்தோடு சொல்ல வேண்டும். திருப்பத்துக்கு 500 மீட்டர் முன் ஒரு முறை, 200-இல் ஒரு முறை, கண்ணில் பட்டதும் ஒரு முறை. அடுத்த திருப்பம் 200 மீட்டருக்குள் இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "பால் பூத் தாண்டி இடது, உடனே வலது." டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "ம்" போதாது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் "எட்டு செகண்ட் லேட்" அல்லது "அஞ்சு செகண்ட் முன்னாடி" என்று கணக்கைச் சொல்லுங்கள். 36-க்குப் பதில் 40-இல் போனால் கிலோமீட்டருக்கு 10 நொடி மீளும். அதற்கு மேல் மிதிக்கத் தேவையே வராது. முள்ளை 36-இல் வைத்தால் சராசரி 36 வராது: வேகத்தடை, மாட்டுக் கூட்டம், திருப்பம் எல்லாம் இருக்கின்றன. ஸ்பீடோமீட்டரும் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

நீங்கள் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் இடமான டைம் கன்ட்ரோல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அங்கே நேரம் குறிக்கும் மார்ஷலைப் பார்த்ததும் பிரேக் போட்டு ஊர்வதற்கும், கண்ணெதிரே நின்று நேரம் கடத்துவதற்கும் பொதுவாகத் தடை உண்டு. முன்னதாகப் போகிறீர்கள் என்றால் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுங்கள்.

வழி தவறினால் ஊகித்துக் குறுக்கே போகாதீர்கள். தவறான திசையிலிருந்து கன்ட்ரோலுக்குள் நுழைந்தால் தண்டம் இன்னும் மோசமாகலாம். கடைசியாக உறுதியாகத் தெரிந்த டியூலிப்புக்குத் திரும்புங்கள். அது 6.10 என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்து சேரும்போது மீட்டர் 9.70 காட்டினால் கூடுதல் 3.60. இனி ஒவ்வொரு முறையும் அதைக் கழித்துப் பாருங்கள். இழந்த நேரத்தைத் துரத்த வேண்டாம். அடுத்த கட்டத்துக்குப் புதிய தொடக்க நேரம் கொடுக்கும் போட்டிகளில் சேதம் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் நேரச் சலுகை உண்டா என்பதையும் விதிப்புத்தகத்தில் முன்பே பார்த்துவையுங்கள்.

பழக விரும்பினால், ஞாயிறு காலை நெரிசல் இல்லாத வழி ஒன்றை நீங்களே அளந்து ரோடு புக் எழுதுங்கள். இன்னொரு ஜோடி அதை வைத்து ஓட்டட்டும். உங்களில் ஒருவர் கடிகாரத்தோடு எங்காவது மறைந்து நிற்கட்டும்.

முடிவுப் பட்டியல் வந்ததும் உங்கள் நேரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லா கன்ட்ரோலிலும் ஒரே அளவு பிழை என்றால் கடிகாரம் சரியாகச் சேரவில்லை. தூரம் போகப் போகப் பிழை ஒரே திசையில் வளர்ந்தால் ஓடோ திருத்தம் தவறு. ஓர் இடத்துக்குப் பிறகு மட்டும் கெட்டிருந்தால், அதற்குச் சற்று முன்னால் ஒரு வேக மாற்றத்தைத் தவறவிட்டிருப்பீர்கள்.